காரைக்குடியிலிருந்து ஒரு குவாண்டம் கூட்டாய்வு: எங்கள் அனுபவம்

குவாண்டம் ஆராய்ச்சி என்றதும் பெங்களூரு, சென்னை, மும்பை, டெல்லிதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை 6,003.65 கோடி ரூபாய் ஒதுக்கி ஒப்புதல் அளித்த தேசிய குவாண்டம் இயக்கத்தின் நான்கு மையங்களும் அந்த ஊர்களில்தான் இருக்கின்றன. நான் காரைக்குடியில் பேட்டரி வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். எங்கள் ஆய்வகத்தில் குவாண்டம் கருவி ஒன்றுகூடக் கிடையாது. அப்படியிருந்தும் ஜெர்மனியில் ஒரு குவாண்டம் உணரிக் குழுவோடு கூட்டாய்வு அமைந்தது. எங்களைப் போல முயல்கிறவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பிரச்சினை இதுதான். லித்தியம் பவுச் செல்லை (தட்டையான பை வடிவ பேட்டரி) சார்ஜ் செய்யும்போது மின்னோட்டம் உள்ளே சீராகப் பரவுவதில்லை. டேப் (tab, மின்னோட்டம் செல்லுக்குள் வந்து போகும் உலோகப் பட்டை) பக்கம் அதிகமாகவும் தூரத்தில் குறைவாகவும் ஓடும். எந்த இடம் சீக்கிரம் கெடுகிறது என்று பார்க்கச் செல்லைத் திறந்தால் அதோடு அந்தச் செல் போயிற்று. ஆனால் மின்னோட்டம் ஓடினால் காந்தப்புலம் இருக்கும், அது உறையைத் தாண்டி வெளியே வரும். 100 மில்லி ஆம்பியர் ஓடும் கம்பியிலிருந்து 5 மில்லிமீட்டர் தள்ளி அளந்தால் 4 மைக்ரோ டெஸ்லா. பூமியின் காந்தப்புலம் நம் பக்கத்தில் சுமார் 40. சின்ன அளவுதான், ஆனால் அளக்க முடிகிற அளவு.

அதை அளக்கும் குவாண்டம் உணரி ஒரு வைரம். வைரத்தின் படிகத்தில் ஒரு கார்பன் அணு இருக்க வேண்டிய இடத்தில் நைட்ரஜன் உட்கார்ந்து, பக்கத்து இடம் காலியாக இருந்தால், அந்த இடம் பச்சை லேசர் பட்டதும் சிவப்பாக ஒளிரும். கூடவே 2.87 கிகாஹெர்ட்ஸ் மைக்ரோவேவ் கொடுத்தால் ஒளி மங்கும். காந்தப்புலம் இருந்தால் அந்த மங்கல் இரண்டாகப் பிரியும். ஒரு மைக்ரோ டெஸ்லாவுக்கு 28 கிலோஹெர்ட்ஸ் வீதம் இரண்டு பக்கமும் விலகும். இதெல்லாம் கடுங்குளிர் தேவையில்லாமல் அறை வெப்பநிலையிலேயே நடக்கிறது என்பதுதான் எங்களுக்குத் துணிச்சல் கொடுத்தது. நான் தங்கியிருக்கும் வீட்டு ஆச்சியிடம் இதைச் சொன்னபோது, "தோசம் உள்ள வைரத்த நாங்க வீட்டுக்குள்ளயே விடமாட்டோம், நீ அதத் தேடிப் போறியாக்கும்" என்றார். ஆமாம் ஆச்சி, அந்தத் தோஷம்தான் எங்களுக்கு வேண்டும் என்றேன்.

யாருக்கு எழுதுவது என்பதைவிட என்ன எழுதுவது என்பதில்தான் காலம் போனது. என் கைடு சார் ஒன்றை அழுத்திச் சொன்னார்: "அவுக கருவிய வாங்கிப் பாக்க வாரோம்னு எழுதாதம்மா. அவுககிட்ட இல்லாதது நம்மகிட்ட என்ன இருக்குன்னு எழுது." காரைக்குடியில் அப்படி ஒன்று இருக்கிறது. 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்காக அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்த ஊர் இது. பேட்டரியைச் செய்யவும், வேண்டுமென்றே கெடுக்கவும், கெட்டதற்குக் காரணம் சொல்லவும் இங்கே ஆள் உண்டு. குவாண்டம் குழுக்களிடம் அருமையான உணரி இருக்கும், அளந்து பார்க்க உருப்படியான செல் இருக்காது. ஆகவே எங்கள் செல்களின் தரவையும், விடை தெரியாத ஒரு கேள்வியையும் மட்டும் இரண்டு பக்கத்தில் அனுப்பினோம். பதில் வந்தது.

பணத்துக்கு இந்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையும் மாணவர், ஆய்வாளர் பரிமாற்றத்தைக் கவனிக்கும் ஜெர்மனியின் டாட் (DAAD) அமைப்பும் சேர்ந்து நடத்தும் ஆய்வாளர் பரிமாற்றத் திட்டத்தில் விண்ணப்பித்தோம். போய்வரவும் தங்கவும்தான் அதில் பணம், கருவி வாங்க அல்ல. இரு தரப்பும் அவரவர் நாட்டில் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் போட்டால் செல்லாது. அதனால் தலைப்பு, பயணத் திட்டம், ஆள் கணக்கு எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்து இரண்டு பேரும் திருத்தினோம். கட்டுரையில் யார் பெயர் எந்த வரிசையில் வரும், தரவு யாரிடம் இருக்கும் என்பதையும் அப்போதே எழுதிக் கையெழுத்திட்டோம். இதை ஆரம்பத்திலேயே பேசுவது மரியாதைக் குறைவு என்று நம்மில் பலர் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம்.

அடுத்து ஏற்றுமதிக் கட்டுப்பாடு. நுண்ணிய காந்தமானி நீர்மூழ்கிக் கப்பலையும் கண்டுபிடிக்கும் என்பதால், ராணுவத்துக்கும் பயன்படும் பொருட்களின் பட்டியலில் இந்த வகைக் கருவிகள் வெகுகாலமாக இருக்கின்றன. இந்தியாவில் அது ஸ்கோமெட் பட்டியல்; ஐரோப்பிய ஒன்றியத்துக்குத் தனி விதிமுறை உண்டு. எதைப் பார்ப்பீர்கள், எதை எடுத்துப் போவீர்கள் என்று அவர்கள் பக்கம் கேட்டார்கள். செல்லின் காந்தப் படங்களும் அளவீடுகளும் மட்டுமே எங்களுக்கு வரும், உணரியின் வடிவமைப்பு வராது என்று ஒரு பத்தியில் தெளிவாக எழுதிக் கொடுத்தோம். மழுப்பாமல் எழுதியதால் மேற்கொண்டு கேள்வி வரவில்லை.

உண்மையான வேலை மாதிரிகளில்தான் இருந்தது. நாமே செய்த லித்தியம் செல்லைச் சும்மா விமானக் கூரியரில் போட முடியாது. அனுப்பப் பாதுகாப்பானது என்று காட்டும் யுஎன் 38.3 சோதனைச் சான்று கேட்பார்கள். ஆய்வக செல்லுக்கு அது எங்கே இருக்கும்? செல்லுக்குள் ஊற்றும் எலக்ட்ரோலைட் தீப்பற்றும் திரவம், அதுவும் போகாது. ஆகவே பூச்சு பூசிய எலக்ட்ரோடு தாள்களை மட்டும் காயவைத்து, ஈரம் உறிஞ்சும் பையோடு அலுமினிய உறையில் வெற்றிட சீல் வைத்து, 'ஆய்வு மாதிரி, விற்பனைக்கு அல்ல' என்ற அறிவிப்போடு அனுப்பினோம். மீதியை அங்கே வாங்கி, அங்கேயே செல்லாகக் கட்டுவது என்று முடிவு.

கட்டுவதற்கு முன் இங்கே ஒரு சோதனை செய்தோம். செல்லின் நெகட்டிவ் பக்கம் எல்லோரும் நிக்கல் டேப்தான் வைப்பார்கள். நிக்கலோ காந்தப் பொருள். மேசை மேல் ஒரு சின்ன காந்தத்தைக் கொண்டுபோனதும் டேப் துள்ளி வந்து ஒட்டிக்கொண்டது. வைரத்தின் பக்கத்தில் இது இருந்தால் அளவு மொத்தமும் குழம்பும். செம்புத் தகட்டை வெட்டி, மேல் கறையைத் தேய்த்து எடுத்து, சீல் பட்டையைச் சூட்டில் அழுத்தி ஒட்டி டேப் செய்தோம். கசியாமல் நிற்க வைக்கப் பலமுறை செய்ய வேண்டியிருந்தது. அங்கே போனபோது அந்தக் குழுவினர் முதலில் கையில் எடுத்துப் பார்த்தது இந்த டேப்பைத்தான்.

விசா பற்றிச் சொல்லப் பெரிதாக இல்லை. 90 நாளுக்குள் என்றால் ஷெங்கன் விசா போதும். அழைப்புக் கடிதத்தில் செலவை யார் ஏற்கிறார்கள் என்று இருக்க வேண்டும்.

அங்கே முதல் காந்தப் படம் திரையில் வந்தபோது டேப் ஓரம் பளிச்சென்றும், எதிர் மூலை மங்கியும் தெரிந்தது. இத்தனை நாள் மின்மறுப்பு (மாறுமின்னோட்டத்துக்குச் செல் காட்டும் தடை) வரைபடத்தை வைத்து ஊகித்ததைக் கண்ணால் பார்த்தேன். அவ்வளவு சந்தோஷம்.

இப்போது அவர்கள் பக்கத்து மாணவர் காரைக்குடி வரப்போகிறார். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் தங்க இடம் கொடுப்பவர் அந்த விவரத்தை ஆன்லைனில் பதிய வேண்டும்; விருந்தினர் இல்லத்தில் அதற்குச் சொல்லிவிட்டோம். அவர் வந்ததும் பழைய செல், புதிய செல் இரண்டையும் ஒரே செம்பு டேப் முறையில் கட்டி ஒப்பிடப் போகிறோம்.