‘விட்டுட்டேன் சார்’: ஆய்வு அறை நாட்குறிப்பு

ஜூன் 3, 2024, திங்கள்

புகையிலை எதிர்ப்பு நாள் பேனர் இன்னும் வாசலில் தொங்குகிறது. உள்ளே வழக்கமான வேலை: புகையை விடும் ஆய்வில் சேர்ந்த நீரிழிவு, நுரையீரல் அடைப்பு நோயாளிகளிடம், நிகோடினுக்கு எவ்வளவு அடிமை என்று அளக்கும் ஃபேகர்ஸ்ட்ராம் கேள்வித்தாள். ஆறு கேள்வி, மொத்தம் 10 மதிப்பெண். அவசரமென்றால் ஒன்றே போதும்: “காலையில கண் முழிச்சு எவ்வளவு நேரத்துல முதல் பீடி?” 5 நிமிடத்துக்குள் என்றால் 3 மதிப்பெண். அவரிடம் வெறும் அறிவுரை எடுபடுவது கஷ்டம். மருந்தும் சேர வேண்டும்.

சொதப்புவது எண்ணிக்கைக் கேள்விதான். “ஒரு நாளைக்கு எத்தனை?” என்றால் “நாலஞ்சு” என்பார்கள். “ஒரு கட்டு எத்தனை நாளைக்கு வருது?” என்றால் கணக்கு வேறாகும். பாதியில் அணைத்துக் காதில் செருகியதை மறுபடி பற்றவைத்தால் ஒன்றா, இரண்டா? ஒன்று என்றே எழுதுகிறோம். எதுவானாலும் எல்லாரும் ஒரே மாதிரி எழுத வேண்டும். வெற்றிலையோடு போடும் புகையிலைக்குத் தனிக் கேள்வி. கேட்காவிட்டால் யாரும் சொல்வதில்லை.

ஜூன் 6, வியாழன்

புகையை விட உதவும் நிகோடின் சூயிங்கம். “நெஞ்சு எரியுது, விக்கல் வருது” என்று திரும்பக் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் அதைச் சாதாரண பபிள்கம் போல மென்றவர்கள். நிகோடின் எச்சிலோடு வயிற்றுக்குப் போனால் பயனும் குறைவு, எரிச்சலும் உண்டு. காரம் தெரியும்வரை மெதுவாக மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி இரண்டு மெல்லு, இடம் மாற்றி ஒதுக்கு. மொத்தம் அரை மணி நேரம். அதற்கு 15 நிமிடம் முன்பிருந்து காபி, எலுமிச்சை ஜூஸ் கூடாது; வாயில் அமிலம் இருந்தால் நிகோடின் உள்ளே ஏறாது. பல்செட் போட்டவருக்குத் தோலில் ஒட்டும் பேட்ச்தான் வசதி.

ஜூன் 11, செவ்வாய்

புகைத்தாரா என்று மூச்சிலுள்ள கார்பன் மோனாக்சைடை வைத்துச் சொல்லும் கருவி. ஆழமாக இழுத்து 15 விநாடி அடக்கி, மெதுவாக முழுவதும் ஊத வேண்டும். 10 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு) கீழே என்றால் புகைக்கவில்லை என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறோம். ஆனால் கார்பன் மோனாக்சைடு சுமார் ஐந்து மணி நேரத்தில் பாதியாகிவிடும். நேற்று மாலையோடு நிறுத்தியவரும் இன்று மதியம் தேறிவிடுவார். விறகடுப்பில் சமைத்துவிட்டு வந்தவர் புகைக்காமலே மாட்டிக்கொள்வார். வாயில் அடக்கும் புகையிலை இதில் தெரியவே தெரியாது. அதற்குக் கோட்டினின் சோதனை இருக்கிறது; நிகோடின் உடலில் மாறி உண்டாகும் பொருள் அது. ஆனால் சூயிங்கம் மெல்பவருக்கும் அது பாசிட்டிவ் காட்டும்!

கருவி பக்கத்தில் சானிடைசர் வைக்காதீர்கள். ஆல்கஹால் ஆவி சென்சாரைக் கெடுக்கும்.

ஜூன் 14, வெள்ளி

பலர் கவனிக்காத இடம் இது. புகையிலுள்ள ஹைட்ரோகார்பன்கள் கல்லீரலில் ஒரு நொதியை முடுக்கிவிட்டு, தியோஃபிலின் (மூச்சிரைப்புக்கான மாத்திரை) போன்ற மருந்துகளைச் சீக்கிரம் கரைக்க வைக்கின்றன. புகையை நிறுத்தினால் அந்த வேகம் சில நாளிலேயே தணியும். அதே மாத்திரை இப்போது அதிக அளவாகிவிடும். குமட்டல், படபடப்பு வரும். முதல் வாரத்திலேயே மருத்துவர் கால் முதல் மூன்றில் ஒரு பங்கு வரை குறைக்க வேண்டியிருக்கும். இந்த வேலையைச் செய்வது புகை, நிகோடின் இல்லை. ஆகவே சூயிங்கம் மென்றாலும் அளவைக் குறைத்தே ஆக வேண்டும்.

காபிக்கும் இதே நொதிதான். நாலு டம்ளர் ஃபில்டர் காபி குடிப்பவருக்குத் தூக்கம் போனால் “பீடியை விட்டதால்” என்று நினைப்பார். காபியைப் பாதியாக்கிப் பார்க்கச் சொல்லலாம். இன்சுலின் போடுபவர் முதல் வாரங்களில் சர்க்கரையை அடிக்கடி பார்க்க வேண்டும்: புகை நின்றால் இன்சுலின் நன்றாக வேலை செய்து தாழ்சர்க்கரை வரலாம், எடை கூடினால் சர்க்கரையும் கூடலாம்.

ஜூன் 18, செவ்வாய்

“நுரையீரல் போனது போனதுதானே, இனிமே விட்டு என்ன?” அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த நுரையீரல் நல ஆய்வின் 11 ஆண்டுக் கணக்கு இதற்குப் பதில்: தொடர்ந்து புகைத்த ஆண்களுக்கு ஒரு விநாடியில் ஊதும் காற்று ஆண்டுக்கு 66 மில்லி குறைந்தது, விட்டவர்களுக்கு 30. போனது திரும்பாது, போகிற வேகம் பாதிக்கும் கீழே.

ஜூன் 20, வியாழன்

ஆறு மாதக் கணக்கு. யார் புகையை விட்டவர் என்று கணக்கிடும் ரஸ்ஸல் அளவுகோல்படி ஆறு மாதத்தில் ஐந்து பீடி, சிகரெட்டுக்கு மேல் புகைத்தால் தோல்வி. உயிரோடு இருந்து, முகவரியும் மாறாமல், வராதவர் புகைப்பவர் கணக்கில். 100 பேரில் 60 பேர் வந்து 24 பேர் விட்டிருந்தால் 24 விழுக்காடு, 40 இல்லை. அறிக்கை எழுதும்போது அந்த 40 விழுக்காட்டின் மீது கண் போகும். கட்டத்தில் 24 என்றே எழுதியாயிற்று.