இரண்டே இருக்கைகளுடன் வன்னியைச் சுற்றிய ஒரு நாள்

வவுனியாவில் ஒருவர் புதிதாக வாகனம் வாங்கினால் அயலவர்கள் முதலில் கேட்பது, அதில் எத்தனை பேர் ஏறலாம் என்பதைத்தான். இரண்டு பேர் என்று நான் சொன்னதும் எதிர்வீட்டு ஐயா சற்று யோசித்துவிட்டு, "சாரதியோடை சேர்த்தோ, சேர்க்காமலோ?" என்று கேட்டார். வீடு கட்டிக் கொடுப்பது என் தொழில். அதற்கு வேண்டியது சீமெந்து மூட்டையும் கம்பியும் ஏற்றக்கூடிய கப் வாகனம் என்பது எனக்கும் தெரியும். அப்படியொன்று முற்றத்தில் ஏற்கனவே நிற்கிறது. அதற்கு அருகில் இப்போது வந்து நிற்கும் சிவப்பு மஸ்டா எம்எக்ஸ்-5 காருக்கு நான் எந்த நியாயமும் சொல்ல முயல்வதில்லை. விலையைக் கேட்பவர்களிடம் லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும் என்பதைச் சொல்லிப் பேச்சை மாற்றிவிடுகிறேன்.

ஜப்பானில் இதற்கு ரோட்ஸ்ரர் என்று பெயர். 1989 இல் முதன்முதலாக விற்பனைக்கு வந்து, 2016 இல் பத்து இலட்சம் என்ற எண்ணிக்கையை எட்டிய இந்த வகையின் நான்காம் தலைமுறை 2015 இல் அறிமுகமானது. அப்போதிருந்தே எனக்கு இதன்மேல் ஒரு கண். கையில் ஓரளவு பணம் சேர்ந்த நேரத்தில், 2020 பங்குனியில், நாட்டின் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அது மீண்டும் திறந்தது 2025 மாசியில்தான். இயந்திரத்தின் கொள்ளளவைப் படிகளாகப் பிரித்து வரி அறவிடும் நாட்டில், இதன் 1496 கனசென்ரிமீற்றர் என்பது 1500 என்ற கோட்டுக்கு மயிரிழையில் உட்பட்டு நிற்கும் அளவு. எனக்கு வாய்த்த ஒரேயொரு சலுகை அந்த 4 கனசென்ரிமீற்றர்தான்.

ஆடி மாதத்தின் கடைசிக் கிழமையில், ஒரு சனிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு, அப்பாவை ஏற்றிக்கொண்டு முதல் நெடும்பயணத்துக்குப் புறப்பட்டேன். ஏ9 வீதியால் பரந்தன் வரை சென்று, அங்கிருந்து ஏ35 வீதியால் புதுக்குடியிருப்பு, வட்டுவாகல் வழியாக முல்லைத்தீவை அடைந்து, ஏ34 வீதியால் மாங்குளத்துக்குத் திரும்புவது எங்கள் திட்டம். எல்லாமாக 200 கிலோமீற்றருக்குச் சற்று மேல் வரும். ஏறத்தாழ நான்கு அடி உயரமேயுள்ள காருக்குள் இருப்பதற்கு, அப்பா முதலில் ஒரு காலை உள்ளே வைத்தார், பிறகு என் தோளைப் பிடித்தார், கடைசியில் குளத்துப் படியில் வழுக்கியவரைப்போல மிச்சத் தூரத்தை ஒரேயடியாக இறங்கி முடித்தார். இருந்ததும் கையை வெளியே நீட்டி நிலத்தைத் தொட்டுப் பார்த்தார். தொடக்கூடியதாகத்தான் இருந்தது.

சீலைக் கூரையைத் திறப்பதற்குப் பொத்தான் எதுவும் இல்லை. கண்ணாடிக்கு மேலுள்ள கொளுக்கியை விடுவித்து, இருந்த இடத்திலிருந்தே ஒரு கையால் பின்னால் தள்ளினால் அது மடிந்து சென்று, இருக்கைகளுக்குப் பின்னால் 'கிளிக்' என்ற ஓசையோடு அமர்ந்துவிடும். ஓமந்தையைத் தாண்டும்போது அப்பா எதுவும் பேசவில்லை. போர்நிறுத்தப் பேச்சுவார்த்தைக் காலத்தில் இதே இடத்திலிருந்த சோதனைச்சாவடியில் பொதிகளை அவிழ்த்துக் காட்டி, பதிவு முடிந்து மறுபக்கம் போவதற்கு எத்தனை மணித்தியாலம் பிடித்தது என்பதை நாங்கள் இருவரும் அறிவோம். இப்போது அந்த இடம் ஒரு நிமிடத்துக்குள் கடந்து போயிற்று.

புளியங்குளத்துக்கு அப்பால் காடு வீதியின் இரு பக்கமும் நெருங்கி வருகிறது. கப் வாகனத்தின் உயரத்திலிருந்து கண்ணாடிகளை மூடிக்கொண்டு இதே பாதையில் நூற்றுக்கணக்கான தடவைகள் ஓடியிருக்கிறேன்; ஆனால் காட்டின் குளிர் ஒரே சீரானதல்ல என்பது அன்றுதான் தெரிந்தது. பாலத்தைத் தாண்டும்போது ஈரமான குளிர் ஒன்று காலடியிலிருந்து எழும். வெட்டவெளி வந்ததும் அது விலகும். மாட்டுப் பட்டியின் மணம் வரும். எங்கோ எரித்த பற்றையின் புகை வரும். இருக்கை பின்சில்லுகளுக்கு மிக அருகில் இருப்பதால், தார் மாறும் இடத்தையும் ஒட்டுப் போட்ட இடத்தையும் கண்ணுக்கு முன்னதாக முதுகெலும்பு சொல்லிவிடுகிறது.

வேகத்தைப் பற்றியும் எழுத வேண்டும், அதற்காகத்தானே இந்த வகைக் காரை வாங்குகிறார்கள். இயந்திரத்தின் வலு ஏறத்தாழ 130 குதிரைவலு. காரின் நிறையோ ஏறத்தாழ ஒரு தொன் மட்டுமே. இயந்திரம் நிமிடத்துக்கு 4000 சுற்றுகளைத் தாண்டிய பிறகே உற்சாகமடைந்து, 7500 வரை சலிக்காமல் ஏறுகிறது. ஆனால் ஏ9 இல் காருக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச வேகம் மணிக்கு 70 கிலோமீற்றர், ஊர்மனைக்குள் 50. இரண்டாம் கியரிலேயே 70 ஐத் தாண்டிவிடக்கூடிய வாகனத்துக்கு ஆறு கியர்கள் கொடுத்திருப்பது வன்னியில் ஆடம்பரம்தான். எனினும் அந்த கியர்த் தண்டு இரண்டு விரல் தூரமே அசைந்து அடுத்த பள்ளத்தில் விழும் விதம் எனக்கு அலுக்கவில்லை. தேவையில்லாத இடங்களில்கூட நான்கிலிருந்து மூன்றுக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். "எதுக்கு இப்ப மாத்தினனி?" என்று அப்பா இரண்டு தடவைகள் கேட்டார். மூன்றாம் தடவை கேட்கவில்லை.

குதிரையும் அதன்மேல் இருப்பவனும் ஓருடலாதல் என்ற எண்ணத்தை மனதில் வைத்தே இந்தக் காரை வடிவமைக்கிறார்கள் என்று அவருக்கு விளங்கப்படுத்தினேன். அவர் அதை வெகு இலகுவாக ஏற்றுக்கொண்டார். "அப்புவிட்டை ஒற்றைத் திருக்கல் ஒண்டு நிண்டது. அதுவும் இரண்டு பேர்தான். நாம்பனுக்கு அவர் கயித்தைத் தொட்டாலே விளங்கும்." அதன் பிறகு இந்தக் காரை அவர் திருக்கல், அதாவது ஒற்றை மாட்டுவண்டி, என்றே குறிப்பிட்டார். பந்தயக் கார், விளையாட்டுக் கார் என்றெல்லாம் நான் தேடிய சொற்களைவிட அது பொருத்தமாகத்தான் இருக்கிறது.

கொக்காவில் தொலைத்தொடர்புக் கோபுரம் தெரியத் தொடங்கியபோது விடிந்துவிட்டது. முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் நிறுத்தாமல் போகும் வாகனத்தை நான் கண்டதில்லை. புது வாகனமென்றால் கேட்கவும் வேண்டியதில்லை. நான்கு சில்லுகளுக்கும் கீழே தேசிக்காய் வைத்து, தேங்காய் அடித்து, கற்பூரம் காட்டினோம். முன்கண்ணாடியில் வைக்க வேண்டிய சந்தனத்தைப் பிள்ளையாரிடமிருந்து வந்த ஈரக் கையோடு அப்பா சிவப்பு மூடியின் நடுவில் மூன்று விரலால் இழுத்துவிட்டார். நான் பதைத்துப்போய்த் துணியைத் தேடினேன், பிறகு விட்டுவிட்டேன். கச்சான் விற்கும் அம்மா ஒருவர் காரைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "கூரை வாங்கக் காசு காணாமல் போச்சுதோ தம்பி?" என்றார். அவரிடம் இரண்டு பை கச்சான் வாங்கினோம். அதில் ஒன்றின் கோது இருக்கைகளுக்கு இடையில் விழுந்து, இதை எழுதும்போதும் அங்கேயே கிடக்கிறது.

கிளிநொச்சியை அடைவதற்குள் வெயில் தலையில் ஏறிவிட்டதால் கூரையை மூடினோம். திறந்த காரை வன்னியில் அனுபவிப்பதற்கு உள்ள நேரம் விடியலில் இரண்டு மணித்தியாலமும் மாலையில் ஒரு மணித்தியாலமும்தான் என்பது என் கணிப்பு.

பெற்றோல் நிரப்ப நிறுத்தியபோது நான் ஒக்ரேன் 95 கேட்டேன். அங்கே 92 மட்டுமே இருந்தது; தாங்கியில் பாதிக்கு மேல் இருந்ததால் வேண்டாமென்று திரும்பினேன். அப்பாவுக்கு அது பெரும் வேடிக்கையாகிவிட்டது. 1990களில், வன்னிக்குப் பெற்றோல் வராத காலத்தில், அவருடைய மொறிஸ் மைனர் மண்ணெண்ணெயில் ஓடியது. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு இயக்கி, இயந்திரம் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வெள்ளைப் புகையும் கண்ணெரிவும் ஊரெல்லாம் பரவும். மண்ணெண்ணெயின் ஒக்ரேன் அளவு மிகக் குறைவு. அழுத்த விகிதம் குறைந்த பழைய இயந்திரம் என்பதால் அதைத் தாங்கிக்கொண்டது. இந்த மஸ்டாவின் அழுத்த விகிதம் 13:1. மண்ணெண்ணெய் விட்டால் உள்ளே உரலில் கல்லை இடிப்பதுபோலத் தட்டும் என்று சொன்னேன். "அப்ப இது நல்ல காலத்துக்கு மட்டும் ஓடுற கார்" என்றார் அவர்.

பரந்தனில் திரும்பி ஏ35 வீதியில் தருமபுரத்தைக் கடந்த பிறகு, சிறுபோக நெல் வீதியிலேயே காய்ந்துகொண்டிருந்தது. வீதியின் அரைவாசி அகலத்துக்குப் பொன்னிறமாகப் பரப்பி, ஓரத்தில் கற்களும் கிளைகளும் வைத்து எல்லை கட்டியிருந்தார்கள். எதிரில் உழவு இயந்திரம் ஒன்று பெட்டி நிறைய வைக்கோலோடு வந்ததால் நான் நிறுத்தினேன். காலால் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து, "மிதிச்சுக்கொண்டு போங்கோ, ஒண்டும் செய்யாது" என்றார். நெல்லுக்கு ஒன்றும் செய்யாதுதான். ஆனால் என் காரின் அடித்தட்டுக்கும் தார் வீதிக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளிகூட இல்லை; அரை அடி உயரத்துக்குக் குவித்திருந்த ஓரக் குவியல் ஒன்றை வயிற்றால் தள்ளிக்கொண்டு போய், பத்து யார் தூரத்தில் இறக்கி வைத்தேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே விளக்குமாற்றோடு வந்தார். நானும் இறங்கி இரண்டு கையாலும் அள்ளிக் கொடுத்தேன்.

இதற்குப் பிறகு கட்டாக்காலி மாடுகள். கப் வாகனத்திலிருந்து பார்க்கும்போது மாட்டின் முதுகு தெரியும். இதிலிருந்து பார்த்தால் அதன் தாடை தெரிகிறது. அசைபோட்டபடி ஒரு எருமை என் கண்ணுக்கு நேரே நின்று, வெகு நேரம் என்னை மதிப்பிட்டது.

புதுக்குடியிருப்பைத் தாண்டிச் சிறிது தூரத்தில் அப்பா வேகத்தைக் குறைக்கச் சொன்னார். வீதியோரத்தில் ஒரு பனங்கூடலைக் காட்டி, "இஞ்சைதான் விட்டனான்" என்றார். மொறிஸ் மைனரைச் சொல்கிறார் என்பது எனக்கு விளங்கியது. 2009 இல், போரின் கடைசி மாதங்களில், அவர்கள் அதற்கு மேல் நடந்துதான் போனார்கள். சாவியை என்ன செய்தார் என்று நான் இதுவரை கேட்டதில்லை, அன்று கேட்டேன். பூட்டிச் சாவியைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு நடந்ததாகவும், முகாமில்தான் அது தொலைந்ததாகவும் சொன்னார். முள்ளிவாய்க்காலைக் கடந்து வட்டுவாகல் பழைய பாலத்தை அடைந்தபோது கூரையைத் திறக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாமென்றார். ஒரு வாகனம் மட்டுமே போகக்கூடிய அந்தப் பாலத்தில், ஒவ்வொரு குழியையும் முன்சில்லால் தேடித் தேடி, நடப்பவரின் வேகத்திலேயே போனோம். இரண்டு பக்கமும் நந்திக்கடல் நீர் கதவின் உயரத்திலேயே இருப்பதுபோலத் தோன்றியது. அக்கரைக்குப் போகும்வரை இருவரும் பேசவில்லை.

முள்ளியவளையில் பெரியம்மா வீட்டில் மதியச் சாப்பாடு. பெரியம்மாவுக்குக் கார் பிடித்துவிட்டது என்பதை நான் எதிர்பார்க்கவில்லை. மாலையானதும் சீலைத் தலைப்பால் தலையைச் சுற்றிக்கொண்டு, கூரையைத் திறக்கச் சொல்லி, வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலுக்குப் போய்வர வேண்டுமென்றார். வழியில் கண்டவர்களுக்கெல்லாம் கையைக் காட்டினார். "உதிலை நிண்டவள் என்னைக் கண்டவளோ எண்டு தெரியேல்லை, திருப்பி ஒருக்காப் போ மோனே" என்றதும் நான் திருப்பிப் போனதும் உண்மை. மணிக்கு 30 கிலோமீற்றருக்கு மேல் ஓடாத அந்தப் பயணத்தில்தான் இந்தக் காரை நான் மிக அதிகமாக இரசித்தேன்.

அப்பா இரண்டு நாள் நின்று வருவதாகச் சொன்னதால் திரும்பும்போது நான் தனியாள். தனியாளை வெறுங்கையோடு அனுப்பும் வழக்கம் முள்ளியவளையில் இல்லை. 130 லீற்றர் கொள்ளும் பின்பெட்டி, ஒரு அரிசிப் பையோடும் கத்தரிக்காயோடும் நிரம்பிவிட்டது. உதிரிச் சில்லு வைப்பதற்கே இடமில்லாமல், அதற்குப் பதிலாக ரயர் ஒட்டும் பசைப் போத்தலோடு வரும் கார் இது. எனவே பலாப்பழம் பக்கத்து இருக்கையில் ஏறியது. தண்ணீரூற்றைத் தாண்டுவதற்குள் கார் விடாமல் கீச்சிடத் தொடங்கிற்று: இருக்கையில் ஆள் இருக்கிறார், ஆசனப்பட்டி போடவில்லை என்கிறது. இறங்கிப் பலாப்பழத்துக்குப் பட்டி மாட்டினேன்.

ஒட்டுசுட்டான் சந்திக்கு அப்பால் வயதான ஒருவர் கையைக் காட்டினார். பேருந்து போய்விட்டது என்றார், மாங்குளத்துக்குப் போக வேண்டுமாம். வெறும் இருக்கையோடு ஒருவரை இந்த வீதியில் விட்டுவிட்டுப் போவது வழக்கமில்லை. என்னிடமோ வெறும் இருக்கையும் இல்லை. அவர் காரை ஒரு தடவை பார்த்தார், பலாப்பழத்தையும் பார்த்தார், பிறகு கதவைத் திறந்து பழத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்துவிட்டார். சிறிது தூரம் போனதும், "தம்பி, உந்தக் கூரையைப் போடும். ஒலுமடுப் பக்கம் யானை நிக்கிற நேரம்" என்றார். அந்தச் சீலையால் யானையை எப்படித் தடுக்கலாம் என்று நான் கேட்கவில்லை. மரியாதையாக நிறுத்தி, கூரையை மூடிக் கொளுக்கியை மாட்டினேன். சற்றுத் தள்ளி வீதியில் ஆவி பறக்கும் இலத்தி கிடந்தது. அதைச் சுற்றி ஓட்டும்போது கார் மிக அமைதியாகவும் பணிவாகவும் நடந்துகொண்டது.

மாங்குளத்தில் இறங்கும்போது அவர் பழத்தை இருக்கையில் கவனமாக வைத்து, தானே பட்டியை மாட்டிவிட்டார். வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டுப் பார்த்தபோதுதான் காம்பிலிருந்து வடிந்த பால் கறுப்புத் துணி இருக்கையில் ஒட்டி ஊறியிருப்பது தெரிந்தது. தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தால் போகும் என்று பெரியம்மா தொலைபேசியில் சொன்னார். மூன்று நாளாகத் துடைக்கிறேன்.