பெயர் தெரியாத ஆறு பேர்: ஒரு குறுக்கெழுத்து நாட்குறிப்பு

மார்ச் 2

11×11 கட்டங்கள் கொண்ட சங்கேதக் குறுக்கெழுத்துப் புதிர் ஒன்றை இன்று தொடங்கினேன். இவ்வகைப் புதிரில் ஒவ்வொரு குறிப்பிலும் விடையின் பொருளும், எழுத்துகளைக் கோத்து அதை அடையும் வழியும் ஒளிந்திருக்கும்; அடைப்பிலுள்ள எண் விடையின் எழுத்துகளின் எண்ணிக்கை. அதன் முகப்பு அறிவிப்பே ஒரு புதிர்: ஐந்து குறிப்புகளில் விடையின் பொருள் தரப்படவில்லை, கடைசி வரிசையில் எட்டுக் கட்டங்களுக்குக் குறிப்பே கிடையாது, இந்த ஆறு விடைகளும் ஆறு பேரைச் சுட்டும், ஆனால் ஒன்றுகூட இயற்பெயர் அன்று. ஒரு மணி நேரத்தில் கிடைத்தது நெடுக்கில் ஒரே விடை. “கடலுக்கு மழையின் தலையை வைத்தால் ஓலை (3)”. கடலின் ‘க’ போய் மழையின் ‘ம’ வந்தால் மடல். பனையின் ஓலையும் எழுதி அனுப்பும் ஓலையும் மடலே என்பதால், இவ்வளவு சிறிய வாக்கியத்தில் பொருளும் வழியும் பிசிறின்றிப் பொருந்தியிருப்பதை நெடுநேரம் ரசித்தேன்.

மார்ச் 4

மற்றொரு நெடுக்குக் குறிப்பு: “உத்தரம் முடிவிழந்தபின் குளத்தின் முதலில் அலை (6)”. உத்தரம் என்பது விட்டம். இறுதி எழுத்துப் போனால் ‘விட்ட’. ‘கு’வுக்குப் பின் திரை. விட்டகுதிரை! வழி சரியாக இருக்கிறது. ஆனால் இது யார்? பொருள் தரப்படாத குறிப்பில் விடை கைக்கு வந்த பிறகும் மனம் அமைதி கொள்வதில்லை.

மார்ச் 5

ஒரு கட்டமும் நிரம்பவில்லை.

மார்ச் 7

“முற்றத்துக்கு முன் இரண்டு விலங்குகள் (8)” என்ற குறிப்பை மூன்று நாட்களாகப் பசு, நாய், பூனை என்று சுற்றிக்கொண்டிருந்த நான், முற்றத்தின் பழஞ்சொல் முன்றில் என்பது நினைவுக்கு வந்த கணத்தில் எழுந்தே நின்றுவிட்டேன். அணில், ஆடு, முன்றில். தலைவன் பிரிந்தபின், மக்கள் விட்டுச்சென்று அணில் விளையாடும் வீட்டு முற்றத்தைப்போலத் தன் அழகு குன்றியதாகத் தலைவி சொல்லும் குறுந்தொகை 41ஆம் பாடல் அது. பாடியவரின் சொந்தப் பெயர் கிடைக்காததால் அந்த உவமையே பெயராகி, அவர் அணிலாடு முன்றிலார் ஆனார். ‘ஆடு’ என்ற வினையை விலங்காக்கிய துணிச்சலை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

உ.வே.சாமிநாதையரின் 1937ஆம் ஆண்டுக் குறுந்தொகைப் பதிப்பை எடுத்தேன். 74ஆம் பாடலில் குதிரை நின்றது: வளைந்திருந்து விடுபட்ட மூங்கில், அவிழ்த்துவிட்ட குதிரையைப்போல மேலே துள்ளுகிறது. பாடியவர் விட்டகுதிரையார். பொருள் ஏன் தரப்படவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

மார்ச் 8

மீனெறி தூண்டிலாரும் ஓரேருழவனாரும் எளிதில் வந்தார்கள். மீதமிருந்தது “கோப்பைக்குழி கலைந்தது (6)”. தேநீர்க் கோப்பையையும் சதுரங்கக் கோப்பையையும் நினைத்துக் காலையை வீணாக்கினேன். முதலெழுத்தும் ஐந்தாம் எழுத்தும் இடம் மாறினால் போதும்: குப்பைக்கோழி. மூட்டிவிடுவாரும் விலக்கிவிடுவாரும் இல்லாமல் குப்பைமேட்டில் கோழிகள் தாமே பொருதுவதைப்போன்றது தன் நோய் என்று தலைவி சொல்லும் 305ஆம் பாடல். இரண்டு எழுத்துகள் மட்டும் எதிரெதிரே பாய்ந்து இடம் மாறுவதில் அந்தச் சண்டையையே நான் கண்டேன். இந்தப் புதிரை அமைத்தவர் அந்தப் பாடலில் தோய்ந்தவர் என்பதில் எனக்கு ஐயமில்லை.

மார்ச் 10

கடைசி வரிசை. நெடுக்கில் இறங்கிய விடைகள் இரண்டு, நான்கு, ஆறு, எட்டாம் கட்டங்களில் தம் ஈற்றெழுத்துகளை வைத்திருந்தன: மடலின் ‘ல்’, குருவின் ‘ரு’, ஆற்றின் ‘று’, குதிரையின் ‘ரை’. இதேபோல் பாடலின் தொடரால் பெயர் பெற்ற நெடுவெண்ணிலவினாரையும் செம்புலப்பெயனீராரையும் எண்ணிப் பார்த்தேன், எழுத்துகள் ஒத்துவரவில்லை. பின்பு 290ஆம் பாடலுக்கு வந்தேன். காமத்தைப் பொறுத்துக்கொள் என்று அறிவுரை சொல்வோருக்கு, வெள்ளத்தில் பாறைமேல் மோதும் சிறு நுரையைப்போல மெல்ல மெல்ல இல்லாமல் போவேன் என்று ஒரு பெண் விடை சொல்கிறாள். அதைப் பாடியவரையும் அந்த நுரையாகவே நாம் அறிவோம். பென்சிலை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்து, விடுபட்ட நான்கு கட்டங்களில் க, பொ, சி, நு என்று எழுதினேன்.