அரபி தெரியும் என்ற தைரியத்தில் விட்ட மார்க்

நேற்று யுகேபிஐ, அதாவது இந்தோனேசிய மொழித் திறன் தேர்வின் ரிசல்ட் வந்தது. 611, உங்குல் நிலை. போன தடவை அதற்குக் கீழே உள்ள மத்யா நிலையோடு நின்றுபோன வருத்தம் இப்போதுதான் தீர்ந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

சுரபாயாவில் மசாலா இறக்குமதி செய்யும் அலுவலகத்தில் ஹலால் கோப்புகள் எழுதுவது என் வேலை. சின்ன வயதில் மதரஸாவில் ஓதியவள். அதனால் இந்தோனேசிய மொழியிலுள்ள அரபிச் சொற்களைத் தனியாகப் படிக்கவேயில்லை. தேர்வில் மொழி விதிகளைச் சோதிக்கும் பிரிவில் அடி விழுந்தது அங்கேதான்.

அரபி உச்சரிப்பை அப்படியே காட்டும் எழுத்துக்கூட்டைப் பள்ளிவாசல் பலகையிலும் கடை வாசலிலும் தினமும் பார்க்கிறோம். பரீட்சைக்கு அகராதி வடிவம்தான் செல்லும். ஸாத் என்ற அரபி எழுத்து வந்தால் ‘எஸ்’ மட்டும், பக்கத்தில் ‘எச்’ கூடாது: சலாத் (தொழுகை). ளாத் வந்தால் வெறும் ‘டி’: ரமடான். காஃபுக்கு ‘க்யூ’ இல்லை, ‘கே’: ஃபிகிஹ் (மார்க்கச் சட்டம்), அகாட் (ஒப்பந்தம்), வகாஃப் (அறக்கொடை). உஸ்தாதின் கடைசி எழுத்து ‘டிஇசட்’ அல்ல, ‘இசட்’. நாம் ‘ரமலான்’, ‘ஒளு’ என்று நம் நாக்குக்கு வளைத்துக்கொண்டோமே, அவர்களும் அப்படித்தான். இது புரிந்த நாளில் என் பாதி பயம் போய்விட்டது.

பொருளும் நகரும். ‘முபாசிர்’ என்ற சொல்லைப் பாருங்கள். வீண்விரயம் செய்வோர் ஷைத்தானின் சகோதரர்கள் என்று குர்ஆனில் ஓதும்போது அது ஆளைக் குறிக்கும். இந்தோனேசியத்தில் வீணாய்ப்போன பொருளைத்தான் பெரும்பாலும் முபாசிர் என்பார்கள். பயிற்சிக் கட்டுரையில் உணவு வீணாவதைப் பற்றி எழுதும்போது ஆளுக்கு அதைப் போட்டேன். அலுவலகத் தோழி சிவப்புப் பேனாவால் சுழித்துத் தந்தாள்.

ஆங்கிலம் போன்ற ஐரோப்பிய மொழிச் சாயல் உள்ள சொற்கள், என் நோட்டிலிருந்து:

- ஸ்டாண்டார் என்பதில் கடைசி ‘டி’ இல்லை. ஸ்டாண்டார்டிசாசி என்பதில் திரும்பி வரும்.
- எஃபெக்டிஃப் ‘எஃப்’, எஃபெக்டிவிடாஸ் ‘வி’.
- ‘நுகர்’ என்பதற்கு மெங்கொன்சும்சி தவறு, மெஙொன்சும்சி சரி.
- நொன்ஹலால்: ஒரே சொல், நடுவில் கோடு வேண்டாம்.
- ஆபத்து என்பதற்கு ரிசிகோ. ‘ரெசிகோ’ பேச்சுக்கு மட்டும்.

நிலைத்த வணிகம் பற்றி எழுதும்போது ஆங்கிலச் சொல்லின் வாலை மட்டும் மாற்றி ‘சஸ்டெய்னபிலிடாஸ்’ என்று எழுதிவிடாதீர்கள். ‘லாஞ்சுட்’ என்றால் தொடர்வது. முன்னும் பின்னும் ஒட்டுச் சேர்த்தால் கெபெர்லாஞ்சுடான், அதாவது நிலைத்தன்மை. ‘தெலுசூர்’ என்றால் தடம் பிடித்துப் போவது, அதிலிருந்து கெதெர்தெலுசூரான். ஒரு மிளகு மூட்டை எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போய்க் கண்டுபிடிக்க முடிவதற்கு அந்தப் பெயர். வேரைப் பிடித்துக்கொண்டால் மனப்பாடம் தேவையில்லை. தினமும் ஐந்து வேர் போதும். எனக்கு ஃபஜ்ர் என்ற அதிகாலைத் தொழுகைக்குப் பிறகுதான் மனதில் ஏறியது.

கேட்டல், வாசித்தலுக்கு வானொலியும் செய்தித்தாளும் போதுமாக இருந்தன. பேச்சுப் பிரிவில் மெதுவாகப் பேசுங்கள். நான் அவசரப்பட்டேன்.

இறக்குமதிப் பொருட்களுக்கு ஹலால் சான்று பெறுவதற்கான கெடு 2026 அக்டோபர் 17. கோப்புகள் குவிந்து கிடக்கின்றன. நாளையிலிருந்து அந்த நோட்டு அலுவலக மேசைக்குப் போகிறது.