பியானோ ஸ்டூலுக்குள் ஒரு பாட்டுக் கட்டு

அமெரிக்காவில், மகளின் பள்ளி மேடையில் பிள்ளைகள் வரிசையாக நின்று இந்த நாட்டின் தேசபக்திப் பாட்டை "மை கன்ட்ரி, டிஸ் ஆஃப் தீ" என்று ஆரம்பித்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அது எங்கள் மெட்டு. மாயவரத்தில் பாட்டு டீச்சர் வீட்டுத் திண்ணையில் சங்கராபரணத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்த 'சந்ததம் பாஹிமாம்'. என் வாய் தானாக தீட்சிதரின் வரிகளைப் பாடிக்கொண்டிருந்தது. பக்கத்து இருக்கை அம்மா என் தோளைத் தொட்டு, "வார்த்தை தெரியாவிட்டால் பரவாயில்லை, சும்மா கூட முணுமுணுங்கள்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனாலும் சுருக்கென்றது.

முத்துசுவாமி தீட்சிதர் மெட்ராஸ் பக்கம் மணலியில் இருந்த காலத்தில் கிழக்கிந்தியக் கும்பினியின் பேண்டு வாசித்த மேல்நாட்டு மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்று நாம் பாடுவதெல்லாம் அவைதான். சந்ததம் பாஹிமாம் பிரிட்டிஷ் ராஜகீதத்தின் மெட்டு. அதே மெட்டு ஒரு ஜெர்மன் பாட்டுப் புத்தகம் வழியாக சாமுவேல் ஸ்மித் என்ற இறையியல் மாணவரின் கைக்கு வந்தது. அதற்கு அவர் எழுதிய 'மை கன்ட்ரி'யை 1831 ஜூலை 4 அன்று பாஸ்டன் தேவாலயம் ஒன்றில் குழந்தைகள் பாடினார்கள். தீட்சிதர் அப்போது உயிரோடு இருந்தார். அவர் காலமானது 1835இல்.

இதை அம்மாவுக்கு வீடியோ காலில் சொன்னேன். மகள் கீபோர்டில் வாசிக்க, அம்மா அங்கிருந்து தொடையில் தாளம் போட்டுப் பாட, இணையம் அரை ஆவர்த்தனம் பின்தங்கி வர, இரண்டும் ஒட்டவேயில்லை. "அவளை காலப்பிரமாணம் பார்த்து வாசிக்கச் சொல்லுடி" என்று எனக்குத்தான் திட்டு விழுந்தது.

பால்டிமோர் பக்கம் இப்போது எனக்கு நன்றாகவே பழகிவிட்டது. பனி கொட்டினால் வாசலை நானே அள்ளுகிறேன். கறிவேப்பிலை எந்தக் கடையில் எந்தக் கிழமை இறங்கும் என்று தெரியும். சனிக்கிழமைகளில் வயதானவர்கள் காலமான வீடுகளில் சாமான்களை விற்பார்கள், அங்கேயும் போவேன். முன்பின் தெரியாத ஒருவரின் சமையலறை அலமாரியைத் திறந்து பார்ப்பது முதலில் மனசுக்கு ஒப்பவில்லை. நம் பக்கம் பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் இப்படிக் கடை விரித்தால் ஊரே வந்து கேட்கும். அப்புறம் அதுவும் பழகியது.

அப்படி ஒரு வீட்டில் பியானோ ஸ்டூலின் மூடியைத் தூக்கினேன். உள்ளே பழைய அச்சுப் பாட்டுகள், ஒரு கட்டு. ஒன்று ஒரு டாலர். அத்தனையையும் வாங்கிவிட்டேன்.

ஒரு பாட்டு என்றால் மடித்த ஒரு பெரிய தாள், சிலதில் நடுவே ஒற்றைத் தாள் ஒன்று. மேலட்டையில் வண்ணப்படம், உள்ளே பியானோ இசைக்குறிப்பும் வரிகளும், ஓரத்தில் அதே கம்பெனியின் அடுத்த பாட்டுக்கு விளம்பரம். பக்கம் புரட்டும் கீழ்மூலை மட்டும் விரல் பட்டுப் பட்டுக் கறுத்திருந்தது. ரேடியோ வருவதற்கு முன்னால் பாட்டு வீட்டுக்கு வந்த முக்கிய வழி இதுதான். நியூயார்க்கின் மேற்கு 28ஆம் தெருவில் கம்பெனிகள் வரிசையாக இருந்து இவற்றை அச்சடித்துத் தள்ளின. நமக்கு பஸ் ஸ்டாண்டில் விற்ற சினிமாப் பாட்டுப் புத்தகம் மாதிரி. 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்ற வரி மட்டும்தான் இல்லை.

அந்தக் கட்டில் அடுத்தடுத்து இரண்டு பாட்டுகள் இருந்தன. 1915இல் வந்தது, 'என் பிள்ளையைச் சிப்பாயாக்க நான் வளர்க்கவில்லை' என்று ஒரு தாய் பாடுவது. அட்டையில் நரைத்த தலையோடு அவள் மகனைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். அடுத்தது ஜார்ஜ் எம். கோஹனின் 'ஓவர் தேர்'. 1917 ஏப்ரலில் அமெரிக்கா முதல் உலகப்போரில் இறங்கிய சூட்டோடு எழுதியது, துப்பாக்கியை எடு என்று பையன்களைக் கூப்பிடுவது. நடுவே இரண்டே வருஷம். ஒரே வீட்டில், ஒரே பியானோவில் யாரோ இரண்டையும் வாசித்திருக்கிறார்கள். அந்த வீட்டில் போருக்குப் போகிற வயதில் மகன் இருந்தானா என்ற கேள்வி அன்று ராத்திரி என்னைத் தூங்கவிடவில்லை. போர்க்காலப் பாட்டுகள் சில மற்றவற்றைவிடச் சின்ன அளவில் இருந்தன. காகிதத்தை மிச்சம் பிடிக்க அளவைக் குறைத்ததாக அவற்றிலேயே அச்சடித்திருக்கிறார்கள்.

எனக்கு மிகவும் நெருக்கமாகிப்போனவர் பாட்டெழுதி மெட்டமைத்த இர்விங் பெர்லின். ரஷ்யப் பேரரசில் பிறந்த யூதர், 1893இல் ஐந்து வயதில் கப்பலேறி வந்தவர். இசைக்குறிப்பு எழுதத் தெரியாது. பெரும்பாலும் கறுப்புக் கட்டைகளிலேயே வாசிப்பார். 1918இல் குடியுரிமை வாங்கினார், பட்டாளத்தில் இருந்தபோது அதே ஆண்டு 'காட் பிளஸ் அமெரிக்கா'வையும் எழுதினார். எழுதி, வேண்டாம் என்று ஓரமாக வைத்துவிட்டார். இருபது வருஷம் கழித்து, 1938இல் ஐரோப்பாவில் மறுபடி போர் மேகம் சூழ்ந்தபோது எடுத்துத் திருத்தினார், கேட் ஸ்மித் வானொலியில் பாடினார். வெளியிலிருந்து வந்தவன் நம் தேசத்தைப் பற்றிப் பாட்டு எழுதுவதா என்று முணுமுணுத்தவர்களும் இருந்தார்கள். பெர்லின் அந்தப் பாட்டின் வருமானத்தைச் சாரண, சாரணியர் இயக்கங்களுக்கு எழுதிவைத்தார். பள்ளியில் கேட்ட அந்த "பரவாயில்லை" என் மனசிலிருந்து கழன்றது இதைப் படித்த அன்றுதான்.

அமெரிக்க தேசிய கீதத்தின் கதை இந்த பால்டிமோர் ஊர்க்கதை. 1814இல் மெக்ஹென்றி கோட்டை மீது பிரிட்டிஷ் கப்பல்கள் ராத்திரி முழுக்கக் குண்டு வீசியும் கொடி இறங்கவில்லை. அதைப் பார்த்து பிரான்சிஸ் ஸ்காட் கீ எழுதிய வரிகள், லண்டன் கனவான்களின் சங்கம் ஒன்று பாடிவந்த மெட்டில் ஏறி உட்கார்ந்தன. முதலில் இசையோடு அச்சடித்தது பால்டிமோரில் கார் என்பவரின் கடை. அவசரத்தில் தேசபக்தி என்ற சொல்லிலேயே ஓர் எழுத்தை விட்டுவிட்டார்கள். அந்தப் பிழைப் பதிப்பின் பிரதி ஒன்று 2010இல் ஐந்து லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. பாட்டு சட்டப்படி தேசிய கீதமானது 1931இல்தான்.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் லெஸ்டர் லெவி என்ற தனி மனிதர் சேர்த்த பழைய பாட்டுத் தாள்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. வீட்டிலிருந்தே கணினியில் புரட்டலாம். பிள்ளைகள் தூங்கியதும் புரட்டுகிறேன். புரட்டும்போதெல்லாம் கை நின்றுபோய் அப்பாவின் தகரப்பெட்டிதான் கண்ணுக்குத் தெரிகிறது. மஞ்சளும் ரோஸுமாகச் சாணித்தாளில் சினிமாப் பாட்டுப் புத்தகங்கள், கூடவே தாத்தா சென்னையில் வாங்கி வந்த குஜிலிப் பாட்டுகள் (கடைத்தெருவில் விற்ற மலிவுப் பாட்டுப் புத்தகங்கள்), காந்தியையும் கதரையும் பற்றியவை. நம்மிடமும் கோட்டையூர் ரோஜா முத்தையா மாதிரி சேர்த்து வைத்தவர்கள் இருந்தார்கள். அவர் சேர்த்ததை வாங்கி சென்னையிலேயே நூலகமாக நிலைக்க வைத்ததில் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் பங்கு உண்டு.

அப்பாவின் பெட்டி பழைய பேப்பர்காரரிடம் போய்விட்டது என்கிறான் தம்பி. பரணில்தான் இருக்கும் என்கிறார் அம்மா. பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆள் வருவதற்குள் ஏறிப் பார்க்கச் சொல்லி இருவரையும் தினமும் நச்சரித்துக்கொண்டிருக்கிறேன்.