ட்ராமா ப்ரோகிராம் மேனேஜர் ஆனதும் முதல் வெரிஃபிகேஷன் விசிட்டும் - என் அனுபவம்

அமெரிக்காவுல எமர்ஜென்சி, ஐசியுன்னு வேலை பாக்குற நம்ம நர்ஸுங்க நிறைய பேர், பெட்சைட்ட விட்டா அடுத்து எங்க போறதுன்னு கேக்குறாங்க. நர்ஸ் ப்ராக்டிஷனர், எஜுகேட்டர், யூனிட் மேனேஜர், பேச்சு இந்த மூணோட நின்னுடும். ட்ராமா ப்ரோகிராம் மேனேஜர்னு ஒரு வேலை இருக்குறது பக்கத்து வார்டுல இருக்குறவங்களுக்கே தெரியாது. நான் எமர்ஜென்சி நர்ஸா இருந்து அந்த வேலைக்கு வந்து, அமெரிக்கன் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸோட வெரிஃபிகேஷன் விசிட்ட முதல் தடவையா முன்னாடி நின்னு நடத்தினேன். அத முழுசா எழுதி வைக்கிறேன், இந்தப் பக்கம் வர்ற யாருக்காவது உதவும்.

முதல்ல வேலை என்னன்னு சொல்லிடுறேன். விபத்து, கீழ விழுந்தது, துப்பாக்கிச் சூடு, கத்திக்குத்துன்னு அடிபட்டு வர்ற ஒருத்தர், ஆம்புலன்ஸ்ல இருந்து ஃபோன் வர்ற நிமிஷத்துல ஆரம்பிச்சு எமர்ஜென்சி, ஸ்கேன், ஆபரேஷன் தியேட்டர், ஐசியு, ரீஹாப் வரைக்கும் போற பாதை முழுக்க சரியா நடக்குதான்னு பாத்துக்குறது தான் ப்ரோகிராமோட வேலை. அதுக்கு ரெண்டு பேர் தலைமை. ஒருத்தர் ட்ராமா மெடிக்கல் டைரக்டர், அவர் சர்ஜன். இன்னொருத்தர் ப்ரோகிராம் மேனேஜர், பெரும்பாலும் நர்ஸிங்ல இருந்து வந்தவங்க. ட்ராமா சென்டர வசதிய வெச்சு லெவல் லெவலா பிரிப்பாங்க, 1 தான் மேல. லெவல் 1, லெவல் 2 சென்டர்ல மேனேஜர் முழுநேரமும் இந்த வேலை மட்டும் தான் பாக்கணும்னு சர்ஜன்ஸ் காலேஜ் ஸ்டாண்டர்டே சொல்லுது, ஒரு வார்டையும் சேத்து தலைல கட்ட முடியாது. இன்டர்வியூக்கு போறவங்க இத கண்டிப்பா கேட்டு தெளிவு பண்ணிக்கோங்க.

இன்னொரு குழப்பமும் எல்லாருக்கும் வரும். ஒரு ஹாஸ்பிடல ட்ராமா சென்டர்னு அறிவிக்கிறது மாநில அரசோ உள்ளூர் அதிகாரமோ தான். சர்ஜன்ஸ் காலேஜ் பண்றது, அந்த லெவலுக்கு வேண்டிய ஆளும் வசதியும் நடைமுறையும் நிஜமாவே இருக்கான்னு நேர்ல சோதிச்சு சான்று குடுக்குறது. அது 3 வருஷத்துக்கு செல்லும். 1976ல முதல்ல வந்த அவங்களோட வழிகாட்டிய இன்னைக்கு வரைக்கும் திருத்தி திருத்தி வெளியிடுறாங்க, இப்ப நடப்புல இருக்குறது 2022 ஸ்டாண்டர்ட்ஸ். லெவல் 1னா வருஷத்துக்கு குறைஞ்சது 1,200 ட்ராமா அட்மிஷன், இல்லன்னா ரொம்ப மோசமா அடிபட்டவங்க 240 பேர், இப்படி ஒவ்வொண்ணுக்கும் கணக்கு இருக்கு.

நான் வந்த வழி ரிஜிஸ்ட்ரி வழி, அதாவது அடிபட்டு வர்ற நோயாளிகளோட விவரத்த பதிஞ்சு வைக்கிற டேட்டாபேஸ் பக்கம். எமர்ஜென்சில அடிபட்டவங்கள முதல்ல பாக்குற ட்ராமா பேல நின்னுட்டு இருந்தப்ப டிஎன்சிசிங்குற ட்ராமா நர்ஸிங் கோர்ஸ் முடிச்சேன், அப்புறம் டிசிஆர்என்ங்குற ட்ராமா நர்ஸ் சர்டிஃபிகேட் பரிட்சை எழுதினேன், இந்த ரெண்டும் இருந்தா பயோடேட்டாவ கைல எடுத்து பாப்பாங்க. ஆனா என்னை மேல ஏத்தி விட்டது, ட்ராமா ப்ரோகிராம்ல பெர்ஃபார்மன்ஸ் இம்ப்ரூவ்மென்ட் (பிஐ) நர்ஸா, அதாவது சிகிச்சைல எங்க குறைன்னு பாத்து சரி பண்ண வைக்கிற நர்ஸா போன காலம் தான். சம்பளம் பெருசா கூடாது, நைட் ஷிஃப்டுக்கு கிடைக்குற கூடுதல் காசும் போயிடும், அதனால பல பேர் அந்தப் பக்கமே திரும்ப மாட்டாங்க. என்னை கேட்டா மேனேஜர் ஆகணும்னு நெனைக்கிறவங்க ரிஜிஸ்ட்ரிலயும் பிஐலயும் உக்காராம நேரா வரக்கூடாது, ஏன்னா இந்த வேலைல உங்க கைல இருக்குற ஒரே பலம் டேட்டா தான், அந்த டேட்டா எப்படி உருவாகுதுன்னு தெரியலன்னா மீட்டிங்ல ஒரு சர்ஜன் இந்த நம்பர் தப்புன்னு சொன்னா அதோட முடிஞ்சது.

ஒரு உதாரணம் சொல்றேன். அடிபட்டவங்களோட தீவிரத்த அளக்குறதுக்கு ஐஎஸ்எஸ்னு ஒரு ஸ்கோர் இருக்கு, 1974ல சூசன் பேக்கரும் கூட இருந்தவங்களும் கொண்டு வந்தது. ஒவ்வொரு காயத்துக்கும் அது எவ்வளவு மோசம்னு 1ல இருந்து 6 வரைக்கும் ஏஐஎஸ்னு ஒரு நம்பர் போடுவாங்க, உடம்ப 6 பகுதியா பிரிச்சு அதுல அதிகமா அடிபட்ட 3 பகுதில இருந்து பகுதிக்கு ஒரு பெரிய நம்பர எடுத்து வர்க்கம் பண்ணி கூட்டணும். நெஞ்சுல 4, வயித்துல 3, தொடை எலும்புல 3னா 16, 9, 9 சேத்து 34. 15க்கு மேல போனாலே மேஜர் ட்ராமா. இப்ப பாருங்க, டாக்டர் நோட்ல வெறும் மல்டிபிள் ரிப் ஃப்ராக்சர்னு எழுதியிருந்தா ரிஜிஸ்ட்ரில பதியுற ரிஜிஸ்ட்ரார் 2 தான் போட முடியும், 3 எலும்போ அதுக்கு மேலயோ உடைஞ்சிருக்குன்னு எண்ணி எழுதியிருந்தா 3 போடலாம். வர்க்கம் பண்ணும்போது அது 4க்கும் 9க்கும் உள்ள வித்தியாசம். அந்த ஒரு வார்த்தையால நோயாளி 15க்கு கீழ வந்துடுவாரு, நம்ம ஹாஸ்பிடல் லேசான கேஸ தான் பாக்குது, ஆனாலும் சாவு நடக்குதுன்னு தேசிய அளவு ஒப்பீட்டு ரிப்போர்ட்ல தெரியும். நான் ரேடியாலஜி கூட உக்காந்து ரிப்போர்ட்ல எத்தனை எலும்பு, எந்தப் பக்கம்னு எழுத வைக்கிறதுக்கே ரொம்ப காலம் பிடிச்சது, ஆனா அதுக்கு செலவான நேரத்துல ஒரு நிமிஷம் கூட வீணில்ல.

மேனேஜர் இன்டர்வியூ பத்தி அதிகம் சொல்ல ஒண்ணுமில்ல. மெடிக்கல் டைரக்டர், நர்ஸிங் ஹெட், ஃபைனான்ஸ்ல ஒருத்தர், எமர்ஜென்சி ஹெட் எல்லாரும் இருந்தாங்க. க்ளினிக்கலா கேட்டது கம்மி. உங்க பேச்ச கேக்கணும்னு கட்டாயம் இல்லாத ஒருத்தர எப்படி மாத்துவீங்கன்னு தான் வேற வேற விதமா கேட்டாங்க. ஃபைனான்ஸ்காரர் ட்ராமா ஆக்டிவேஷன் ஃபீஸ், அதாவது ட்ராமா டீம அவசரமா கூட்டுறதுக்கு போடுற கட்டணம் பத்தி கேட்டாரு, அத தெரிஞ்சு வெச்சுக்கோங்க, ஆம்புலன்ஸ்ல இருந்தோ இன்னொரு ஹாஸ்பிடல்ல இருந்தோ முன்கூட்டியே தகவல் வந்து டீம் கூடினா தான் அத பில்ல போட முடியும், நோயாளி தானா நடந்து வந்தா போட முடியாது. ரிஜிஸ்ட்ரிக்கு ஆள் கேக்குறப்பவும் இதே மாதிரி நம்பரோட போகணும். வருஷத்துக்கு 200ல இருந்து 300 நோயாளி பதிவுக்கு குறைஞ்சது அரை ஆள், அதாவது பாதி நேரம் வேலை பாக்குற ஒருத்தர்னு ஸ்டாண்டர்ட்ல இருக்கு, அத காட்டி தான் எங்க டீமுக்கு கூடுதலா ஆள் வாங்கினேன். ஆள் இல்லன்னா டிஸ்சார்ஜ் ஆகி 60 நாளைக்குள்ள 80 சதவீதம் ரெக்கார்ட முடிக்கணும்ங்குற விதி கண்ணுக்கு முன்னாடியே உடையும்.

வேலைக்கு சேந்த பிறகு என் நேரத்த முழுசா எடுத்துக்கிட்டது லூப் க்ளோஷர், அதாவது கண்டுபிடிச்ச குறைய கடைசி வரைக்கும் சரி பண்ணி மூடுறது. ஒரு குறைய கண்டுபிடிக்கிறது சுலபம், எந்த ஹாஸ்பிடல்லயும் நூறு குறை கண்டுபிடிக்கலாம். கண்டுபிடிச்சத யார்கிட்ட பேசினோம், என்ன மாத்தினோம், மாத்தினதுக்கு அப்புறம் அது திரும்ப நடக்கலன்னு எத வெச்சு சொல்றோம், இந்த மூணும் எழுத்துல இருக்கணும். மெயில் அனுப்பிட்டோம், மீட்டிங்ல பேசினோம்னு எழுதினா அது க்ளோஷர் கிடையாது. விசிட்டுக்கு வந்து சோதிக்கிற ரிவ்யூவருங்க இத தான் துருவி துருவி பாப்பாங்க.

எங்க இடத்துல ஓபன் ஃப்ராக்சர் கேஸ் அப்படி ஒண்ணு. எலும்பு உடைஞ்சு தோல கிழிச்சு வெளிய தெரிஞ்சா நோயாளி வந்து 60 நிமிஷத்துக்குள்ள ஆன்டிபயாடிக் உள்ள போகணும், தாமதமானா எலும்பு வரைக்கும் இன்ஃபெக்ஷன் இறங்கும், சில பேர் கால இழக்குறதும் அதனால தான். எங்க நம்பர் மோசமா இருந்தது. எல்லாரும் நர்ஸுங்க லேட் பண்றாங்கன்னு முடிவு பண்ணி திரும்ப ட்ரெயினிங் குடுக்க சொன்னாங்க. நான் லேட் ஆன கேஸ் ஒவ்வொண்ணா எடுத்து மணி நேரத்த எழுதினேன். பாதி கேஸ்ல ஆர்டர் போட்டது சீக்கிரம் தான், மருந்து மெயின் பார்மசில இருந்து வர்றதுக்குள்ள நேரம் போயிருக்கு, ஏன்னா எமர்ஜென்சில இருக்குற மருந்து மெஷின்ல அந்த டோஸ் கிடையாது. இன்னொரு பக்கம் வேற ஹாஸ்பிடல்ல இருந்து ட்ரான்ஸ்ஃபரா வர்ற நோயாளிகளுக்கு அங்கயே குடுத்துட்டாங்கன்னு எல்லாரும் நெனச்சிட்டு விட்டுட்டாங்க. பார்மசி கூட பேசி மெஷின்ல மருந்த வெச்சோம், ட்ரான்ஸ்ஃபர் ஃபோன் எடுக்குறப்பவே ஆன்டிபயாடிக் எத்தனை மணிக்கு குடுத்தீங்கன்னு கேக்குற மாதிரி படிவத்த மாத்தினோம், அதுக்கப்புறம் மாசா மாசம் நம்பர பாத்து, அது நின்னு நிலைச்ச பிறகு தான் அந்த ஃபைல மூடினேன். நர்ஸுங்க மேல போட இருந்த பழி அதோட நின்னது, எனக்கு அதுல தான் பெரிய நிம்மதி.

வயசானவங்க விஷயம் இன்னும் கஷ்டம். நின்ன இடத்துல வழுக்கி விழுந்த 80 வயசு பாட்டி, ப்ளட் தின்னர் சாப்பிடுறாங்க, நல்லா பேசுறாங்க, பிபி 105. இளவயசுக்காரங்களுக்கு வெச்ச 90ங்குற எல்லைய வெச்சு பாத்தா டீம கூட்ட தேவையில்ல. ஆனா ஆம்புலன்ஸ்காரங்க யார ட்ராமா சென்டருக்கு கொண்டு போகணும்னு சொல்ற 2021 ஃபீல்ட் ட்ரையாஜ் வழிகாட்டில 65 வயசோ அதுக்கு மேலயோ இருந்தா 110க்கு கீழ போனாலே ஆபத்துன்னு தெளிவா இருக்கு. எங்க அண்டர்ட்ரையாஜ், அதாவது மேஜர் ட்ராமாவா இருந்தும் முழு டீம கூப்பிடாம விட்ட கேஸ், 5 சதவீதத்துக்குள்ள இருக்கணும், பிரிச்சு பாத்தா விட்டுப்போனதுல பெரும்பகுதி இந்த பாட்டி தாத்தாங்க தான். ஆக்டிவேஷன் விதிய மாத்துறதுக்கு எமர்ஜென்சி டாக்டருங்க ஒத்துக்கல, ராத்திரி எல்லாம் அலாரம் அடிச்சுட்டே இருக்கும்னாங்க, அவங்க பயமும் நியாயமானது தான். அதனால முழு டீமுக்கு பதிலா சின்ன டீம் வர்ற ரெண்டாவது லெவல்ல வயசானவங்கள சேத்தோம். கொஞ்சம் கூடுதலா கூப்பிடுறது பரவாயில்ல, கூப்பிடாம விட்டா ஆள் போயிடுவாங்க.

சர்ஜன்கள்கிட்ட பேசுறது பத்தி தான் எல்லாரும் கேக்குறாங்க. லெவல் 1, லெவல் 2ல முழு டீம கூட்டுற முழு ஆக்டிவேஷன்னா நோயாளி வந்து 15 நிமிஷத்துக்குள்ள சர்ஜன் பெட்டுகிட்ட நிக்கணும், 80 சதவீதம் தடவை. ஒருத்தர் நேரம் தவறிட்டே இருந்தா அத முதல்ல அவர்கிட்டயே தனியா, அவரோட கேஸ் லிஸ்ட்டோட போய் காட்டிடுவேன், அப்புறம் மெடிக்கல் டைரக்டர், அதுக்கும் அப்புறம் தான் டாக்டருங்களே சக டாக்டருங்களோட கேஸ அலசுற பியர் ரிவ்யூ மீட்டிங். மீட்டிங்ல திடீர்னு பேர போட்டு காட்டுறது எனக்கு பிடிக்காது, அது ஒருத்தர அவமானப்படுத்தும், நோயாளிக்கு ஒரு நன்மையும் வராது. மெடிக்கல் டைரக்டர் உங்க கூட நிக்குற ஆளா இருக்கணும், இத நான் வேலைக்கு சேரும் முன்னாடியே பாத்தேன். டாக்டர்கள் நடத்தைய அவர் பேசணும், டேட்டாவ நான் குடுக்கணும், ரெண்டு பேரும் வாரா வாரம் உக்காரணும். அது இல்லாத இடத்துல எவ்வளவு திறமையான மேனேஜரும் ரொம்ப நாள் தாங்க மாட்டாங்க, என் கண்ணால பாத்திருக்கேன்.

விசிட்டுக்கு முன்னாடி ப்ரீ ரிவ்யூ கொஸ்டினேர்னு ஒரு பெரிய படிவம். எத்தனை கேஸ், எத்தனை சாவு, யாருக்கு என்ன சர்டிஃபிகேட், பிளட் பேங்க், ஆன்கால் லிஸ்ட், மீட்டிங்குக்கு யார் எத்தனை தடவை வந்தாங்கன்னு எல்லாமே. முக்கிய டாக்டர்கள் பியர் ரிவ்யூ மீட்டிங்ல பாதிக்காவது வந்திருக்கணும், அதனால வருகைப் பதிவ மீட்டிங் முடிஞ்ச அன்னைக்கே ஏத்தி வைக்கிற பழக்கம் வேணும், கடைசில தேடினா கிடைக்காது. நாங்க முறையான விசிட்டுக்கு முன்னாடி எங்களுக்குள்ளயே ஒரு மாதிரி விசிட் நடத்தினோம், வேற ஹாஸ்பிடல்ல இருந்து அனுபவம் உள்ள ஒருத்தங்கள கூப்பிட்டு சார்ட்ட குடுத்து கேள்வி கேக்க சொன்னோம். அதுல தான் தெரிஞ்சது, நல்ல வேலை நிறைய நடந்திருக்கு, ஆனா சார்ட்ட முதல் தடவையா பாக்குறவங்களுக்கு கதை புரியல. அதுக்கப்புறம் ஒவ்வொரு கேஸுக்கும் முன்னாடி ஒரு பக்கத்துல என்ன நடந்தது, என்ன கண்டுபிடிச்சோம், என்ன பண்ணோம், எப்படி மூடினோம்னு எழுதி வெச்சோம்.

விசிட் அன்னைக்கு ரிவ்யூவருங்க சார்ட்ல தான் அதிக நேரம் இருந்தாங்க, முக்கியமா இறந்தவங்களோட சார்ட். ஒவ்வொரு சாவையும் முன்னேற்றத்துக்கு வாய்ப்பு இருந்ததா இல்லையான்னு நாங்க பிரிச்சிருப்போம். எல்லாத்துலயும் வாய்ப்பு இல்லன்னு எழுதியிருந்தா அவங்களுக்கு உடனே சந்தேகம் வரும். ஒரு கேஸ்ல ரத்தம் குடுக்க ஆரம்பிச்சது தாமதம்னு நாங்களே எழுதி, நிறைய ரத்தத்த அவசரமா வரவழைக்கிற மாஸிவ் ட்ரான்ஸ்ஃப்யூஷன் ப்ரோட்டோகால் ஃபோன் நம்பர மாத்தினதையும் அதுக்கப்புறம் ரத்தம் வந்த நேரத்தையும் காட்டியிருந்தோம், அத அவங்க பொறுமையா படிச்சிட்டு அடுத்த சார்ட்டுக்கு போயிட்டாங்க. நடந்து சுத்திப் பாக்கும்போது ட்ராமா பேல நின்ன ஒரு நர்ஸ்கிட்ட நேரா கேட்டாங்க, சமீபத்துல இங்க என்ன மாறியிருக்குன்னு. அவங்க ஆன்டிபயாடிக் மெஷின் விஷயத்த காரணத்தோட சொன்னாங்க, நான் வாயே திறக்கல. அன்னைக்கு முழுக்க எனக்கு ரொம்ப சந்தோஷமான நேரம் அது தான்.

3 வருஷம் கிடைச்சது. குறை கொஞ்சமா இருந்தா 1 வருஷத்துக்கு மட்டும் குடுத்து, அதுக்குள்ள சரி பண்ணி காட்ட சொல்வாங்க, அதையும் அவமானமா எடுத்துக்க வேண்டாம், பட்ஜெட் கேக்க அத விட நல்ல கடிதம் கிடைக்காது.

இந்தப் பக்கம் வரணும்னு நெனைக்கிறவங்களுக்கு என் யோசனை இது தான். உங்க ஹாஸ்பிடல் ட்ராமா ரிஜிஸ்ட்ரார்கிட்ட போய் ஒரு நாள் உக்காந்து பாருங்க. ஏஐஎஸ் கோர்ஸ் ஒண்ணு, சொசைட்டி ஆஃப் ட்ராமா நர்ஸஸ் நடத்துற டாபிக்ங்குற பிஐ கோர்ஸ் ஒண்ணு, இந்த ரெண்டையும் மேனேஜர் ஆகுறதுக்கு முன்னாடியே முடிங்க, ஆன பிறகு 3 வருஷத்துக்கு 36 மணி நேரம் ட்ராமா படிப்பு காட்டித்தான் ஆகணும், ஆனா அப்ப உக்காந்து படிக்க நேரமே கிடைக்காது. மாஸ்டர்ஸ் கேக்குற இடமும் இருக்கு, வேலைல சேந்த பிறகு முடிச்சா போதும்ங்குற இடமும் இருக்கு, அதனால டிகிரி இல்லன்னு அப்ளை பண்ணாம இருக்காதீங்க. நான் பிஐ நர்ஸ் எடுக்குறப்ப ஒரு பழைய சார்ட்ட குடுத்து இதுல எந்த இடத்துல நேரம் போச்சுன்னு கேப்பேன். யார் தப்புன்னு தேடாம, மணி நேரத்த வரிசையா எழுத ஆரம்பிக்கிறவங்கள எடுத்துக்குவேன்.