சகோதரன் சொன்னதை நல்லவிதமாக எடுத்துக்கொள்வது எப்படி?

யோசுவா 22-ம் அதிகாரத்தை நம்மில் பலர் வேகமாகப் புரட்டிவிடுகிறோம். சபை மனஸ்தாபங்களைத் தீர்க்க அதைவிட நல்ல பாடம் பழைய ஏற்பாட்டில் இல்லை என்பேன். யோர்தான் ஆற்றுக்கு அக்கரையில் காணி பெற்ற இஸ்ரவேல் கோத்திரங்களான ரூபன், காத், மனாசேயின் பாதிக் கோத்திரத்தார் ஆற்றோரத்தில் பெரிய பீடம் ஒன்றைக் கட்டுகிறார்கள். செய்தி பரவுகிறது. கர்த்தருடைய பீடத்தைத் தவிர வேறொரு பீடமா என்று, மற்றக் கோத்திரங்கள் அதைத் துரோகம் என்றே முடிவுகட்டி, சீலோவில் யுத்தத்துக்குக் கூடிவிடுகிறார்கள். ஆனால் படை புறப்படும் முன் ஆசாரியனான பினெகாசும் பத்துப் பிரபுக்களும் நேரில் போகிறார்கள்.

அவர்கள் பேச்சில் இனிமை இல்லை. சிலர் செய்த பாவத்தால் ஜனம் முழுவதும் தண்டனை அனுபவித்த பழைய சம்பவங்களான பேயோரின் பாவத்தையும் ஆகானையும் இழுத்துக் கடுமையாகவே பேசுகிறார்கள். இருந்தும், "உங்கள் தேசம் தீட்டானதென்றால் இக்கரைக்கு வாருங்கள், எங்கள் நடுவே காணி எடுத்துக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். குற்றஞ்சாட்ட வந்தவர்கள் சொந்த நிலத்தை விட்டுக்கொடுக்கவும் ஆயத்தமாக வந்திருக்கிறார்கள்! அதன்பின் பதிலைக் கடைசிவரை கேட்கிறார்கள். கட்டினவர்கள் சொன்னது இதுதான்: அந்தப் பீடம் பலியிடுவதற்கு அல்ல. நாளைக்கு உங்கள் பிள்ளைகள் யோர்தானை எல்லையாகக் காட்டி, கர்த்தரிடத்தில் உங்களுக்குப் பங்கில்லை என்று எங்கள் பிள்ளைகளைத் தள்ளிவிடக் கூடாதே என்ற பயத்தில் வைத்த சாட்சி. துரோகமாகத் தெரிந்தது உண்மையில் ஆராதனையை இழந்துவிடுவோமோ என்ற ஏக்கம்.

1548-ல் அச்சான "ஆன்மிகப் பயிற்சிகள்" நூலின் தொடக்கத்திலேயே இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் இதை வரிசைப்படுத்தித் தருகிறார். பிறர் சொன்னதைக் கண்டிப்பதைவிட, அதை நல்ல பொருளில் கொள்ளவே முந்த வேண்டும். முடியவில்லையா, என்ன பொருளில் சொன்னீர்கள் என்று அவரையே கேட்க வேண்டும். தவறாகவே சொன்னார் என்றால் அன்போடு திருத்த வேண்டும். அதுவும் போதாவிட்டால், அவர் சரியாகப் புரிந்துகொள்ளத் தகுந்த வழிகளையெல்லாம் தேட வேண்டும். லூத்தரின் 1529-ம் ஆண்டுச் சிறிய ஞானோபதேசமும் பொய்ச்சாட்சிக் கட்டளைக்கு விளக்கமாக, அயலானைப் பற்றிய எதையும் நல்லவிதமாக எடுத்துச் சொல்லவே கற்பிக்கிறது.

நாம் வழுக்குவது இரண்டாம் படியில். "ஏன் அப்படிச் சொன்னீர்கள்?" என்பது கேள்வியின் உடுப்பில் வரும் தீர்ப்பு, எதிரே இருப்பவர் உடனே தற்காப்புக்குப் போய்விடுவார். "நீங்கள் சொன்னதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன், சரிதானா?" என்று கேளுங்கள். அவர் சொன்ன வார்த்தைகளையே திரும்பச் சொல்லுங்கள், உங்கள் ஊகத்தைச் சேர்க்காமல். குறுஞ்செய்தியில் கேட்காதீர்கள்; எழுத்தில் குரல் தெரியாது. முக்கியமாக, மூன்றாவது ஆளிடம் சொல்லுமுன் கேளுங்கள். "நீயும் அவனும் தனித்திருக்கையில்" என்று மத்தேயு 18:15 சொல்லியிருக்க, அதே விஷயத்தை ஜெபக்குறிப்பாக நாலு பேரிடம் சொல்லிவிட்டுப் பிறகு போகிறவர்களே அதிகம். அப்போது அவர் என்ன விளக்கம் சொன்னாலும், அந்த நாலு பேருக்கு அது போய்ச் சேராது.

தாழ்மை தேவைப்படுவது பதில் வந்தபின்தான். 1 சாமுவேல் முதல் அதிகாரத்தில், பிள்ளைக்காக மனதுக்குள் ஜெபித்துக்கொண்டிருந்த அன்னாளின் வாயை ஏலி கவனித்துக்கொண்டிருந்தான். உதடு அசைந்தது, சத்தமில்லை. குடித்து வெறித்திருக்கிறாள் என்று நினைத்தான். அவன் கண் சரியாகத்தான் பார்த்தது, காரணம்தான் தப்பு. ஆனால் அவள் விளக்கியதும், "இருந்தாலும் நீ..." என்று இழுக்கவில்லை, "சமாதானத்தோடே போ" என்று அங்கேயே ஆசீர்வதித்தான். பிரதான ஆசாரியனுக்கு அது சின்னக் காரியமல்ல. "நான் பாவி, ஒன்றுமில்லாதவன்" என்று ஜெபத்தில் சொல்வது இதைவிடச் சுலபம்.

இந்த முறையை வைக்கக் கூடாத இடமும் உண்டு. அடி வாங்கும் மனைவியிடமோ, துன்புறுத்தப்பட்ட பிள்ளையிடமோ "அவரை நல்லவிதமாகப் புரிந்துகொள்" என்று சொல்வது பாவம். நல்லவிதமாகப் பொருள்கொள்வது சந்தேகத்துக்கு இடமுள்ள வார்த்தைக்கும் செயலுக்கும் உரியது. அடியும் துன்புறுத்தலும் இருக்கும் இடத்தில் முதலில் ஆளைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். காவல்துறைக்குச் சொல்ல வேண்டியதைச் சபைக்குள் பேசி முடிக்கக் கூடாது.